தனிக் கலங்களிலிருந்து சூரிய மின்தகடு: சிறு பட்டறைக்கு எட்டும் தொழிலா?

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் தரும் தகடுகளை வீட்டுக் கூரைகளிலும் தெருவிளக்குக் கம்பங்களிலும் பாசனக் கிணற்றடிகளிலும் இன்று எங்கும் காண்கிறோம். பார்வைக்கு ஒரே பொருளாகத் தோன்றும் அத்தகடு, சிலிக்கன் கலங்கள் பலவற்றை வரிசையாகக் கோத்துக் கண்ணாடிக்கு அடியில் அடைத்து ஆக்கப்பட்டதாகும். கலத்தைச் செய்வதற்குத் தூசியற்ற அறைகளும் உயர்வெப்ப உலைகளும் கொண்ட பெரிய ஆலை வேண்டும். ஆனால் செய்து முடித்த கலங்களை வாங்கித் தகடாகக் கோப்பதற்கு ஒரு மேசையும், ஒரு பற்றவைப்புக் கோலும், ஒரு மல்டிமீட்டரும் போதும் என்று தோன்றுகிறது. தொழிற்பயிற்சி மாணவர்களின் ஆர்வமும், ஊரகத் தொழில் திட்டங்கள் பலவற்றின் நம்பிக்கையும் இதனின்று பிறந்தவையே. இதில் எவ்வளவு உண்மை உண்டு என்று கணக்கிட்டுப் பார்க்காமல் மானியம் வழங்கினால் இழப்பு அரசுக்கு மட்டுமன்று. அத்தகடை நம்பி விளக்கும் பேட்டரியும் வாங்கும் குடும்பத்திற்கும்தான்.

கலத்தின் கணக்கு

சிலிக்கன் கலம் ஒன்று, அது பெரியதாயினும் சிறியதாயினும், வேலை செய்யும் நிலையில் ஏறத்தாழ அரை வோல்ட் மின்னழுத்தமே தரும். பரப்புக்கு ஏற்ப மாறுவது மின்னோட்டமாகும். பல ஆண்டுகள் சந்தையில் வழங்கிவந்த 156 மில்லிமீட்டர் சதுரக் கலம் நல்ல வெயிலில் 8 ஆம்பியர் அளவுக்குத் தரும். அதாவது ஒரு கலத்தின் திறன் சுமார் 4 வாட். அரை வோல்ட்டால் பயன் ஒன்றுமில்லை. ஆகவே கலங்களைத் தொடரிணைப்பில் கோக்கிறோம். தொடரில் மின்னழுத்தம் கூடும். மின்னோட்டம் ஒரு கலத்தின் அளவிலேயே நிற்கும். 36 கலங்களைக் கோத்தால் 18 வோல்ட், 8 ஆம்பியர், ஏறத்தாழ 144 வாட் கிடைக்கும்.

இங்கு மாணவர் ஒரு வினா எழுப்பக்கூடும். 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்ற 18 வோல்ட் எதற்கு? 30 கலங்கள் கோத்து 15 வோல்ட் பெற்றால் ஆறு கலங்கள் மிச்சமாகுமே? வீட்டில் செய்யும் தகடுகளில் பெரும்பாலும் நேரும் பிழை இதுவே. ஆதலின் இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கலத்தின் திறனை அளவிடும்போது அதன் வெப்பநிலை 25 டிகிரி எனக் கொள்வது உலக வழக்கு. ஆனால் நம் நாட்டுக் கோடைவெயிலில் கூரைமேல் கிடக்கும் தகட்டினுள் கலத்தின் வெப்பம் 60 டிகிரியை எளிதில் எட்டும். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. 35 டிகிரி உயர்வுக்கு ஒரு கலத்தில் 70 மில்லிவோல்ட். 36 கலங்களில் இரண்டரை வோல்ட். எனவே 18 என்று நாம் எண்ணியது பதினைந்தரை ஆகிவிடுகிறது. இதிலும் டையோடும் கம்பியும் ஒரு வோல்ட் வரை விழுங்கும். எஞ்சுவது பதினாலரை. ஈய அமில பேட்டரி ஒன்று முழுமையாக மின்னேற வேண்டுவதும் சுமார் 14.4 வோல்ட்தான். 36 என்ற எண்ணிக்கை ஆடம்பரமன்று என்பது இதனால் விளங்கும்.

30 கலங்கள் மட்டும் கோத்தவரின் நிலை என்ன? 15 வோல்ட் அவருக்கு 12.9 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். கம்பி இழப்பும் போனால் பேட்டரி ஒருநாளும் நிறையாது. நிறையாத பேட்டரியின் ஈயத் தகடுகளில் கந்தகப் படிவு இறுகி, அது விரைவில் பயனற்றதாகும். வீட்டுக்காரர் குறை கூறுவது பேட்டரி விற்ற கடைக்காரரை. உண்மைக் காரணமோ கூரைமேல், மிச்சம்பிடித்த ஆறு கலங்களில் இருக்கிறது.

சிறிய தகடு வேண்டுவோர் கலங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, கலத்தையே துண்டாக்குகின்றனர். மூன்று முழுக் கலங்களை ஒவ்வொன்றும் பன்னிரண்டு துண்டாக வெட்டினால் 36 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டும் அதே அரை வோல்ட் தரும்; மின்னோட்டம் மட்டும் பன்னிரண்டில் ஒரு பங்காகும். இவற்றைக் கோத்தால், உடைவும் இழப்பும் போக, ஒரு 10 வாட் தகடு உருவாகும். ஒவ்வொரு துண்டிலும் முன்பக்க வெள்ளிப்பட்டையின் ஒரு பகுதி இருக்குமாறு வெட்டுவது இன்றியமையாதது. ஆலையில் இதனை லேசர் ஒளிக்கதிர் செய்கிறது; பட்டறையில் வைரமுனைக் கீறி கொண்டு செய்வோர் உண்டு. கலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே ஆதலால் கைப்பழக்கம் வரும்வரை உடைவது மிகும்.

கோப்பதும் பற்றவைப்பதும்

ஒரு கலத்தின் முன்பக்கத்தையும் அடுத்ததன் பின்பக்கத்தையும் ஈயம்பூசிய செம்பு நாடாவால் இணைத்துச் செல்வதே கோக்கும் முறை. நாடாவில் ஃப்ளக்ஸ் தடவி, சூடான கோலை ஒரே சீராக இழுத்துச் செல்ல வேண்டும். ஓரிடத்தில் சில விநாடிகளுக்கு மேல் நிறுத்தினால் வெள்ளிப்பட்டை உரிந்துவிடும். அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அவ்விரிசல் அன்று தீங்கு செய்யாது. பகல் வெப்பத்தில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கிச் சில மாதங்களில் அது பெரிதாகி, கலத்தின் ஒரு பகுதியைத் துண்டித்துவிடும்.

பல ஆண்டுகள் வழங்கிய பி வகைக் கலங்களில் முன்பக்கம் எதிர்முனை, பின்பக்கம் நேர்முனை. இப்போது சந்தையில் மிகுந்துவரும் என் வகைக் கலங்களில் இது பெரும்பாலும் தலைகீழ். பழைய பாடநூலை நம்பி முனைகளை முடிவுசெய்யாமல் மல்டிமீட்டர் கொண்டு பார்த்தறிவதே முறை. மேலும், முன்பு இரண்டு அல்லது மூன்று அகன்ற பட்டைகள் இருந்த கலத்தில் இன்று பத்துக்கும் மேற்பட்ட மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. இவற்றைக் கையால் பற்றவைப்பது ஏறக்குறைய இயலாத செயல். கைத்தொழிலுக்கு உகந்த பழைய கலங்கள் அருகிவருகின்றன என்பதைத் திட்டம் தீட்டுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

கோக்கும் முன் ஒவ்வொரு கலத்தின் மின்னோட்டத்தையும் வெயிலில் அளந்து, ஒத்த அளவுள்ளவற்றைப் பிரித்துவைக்க வேண்டும். தொடரிணைப்பில் மிக நலிந்த கலமே எல்லாவற்றின் ஓட்டத்தையும் வரையறுக்கிறது. மலிவு விலையில் கழிவாக விற்கப்படும் கலங்களை வாங்குவோருக்கு இதுவே பெருந்தடை.

நிழலின் தீங்கும் இதனோடு ஒட்டியது. ஒரு கலத்தின்மேல் இலையோ பறவை எச்சமோ படிந்தால், அது மின்சாரம் தருவதை நிறுத்துவதோடு, ஏனைய கலங்களின் திறனைத் தன்னுள் வாங்கி வெப்பமாக்கத் தொடங்கும். அவ்விடம் கருகும். இதனைத் தடுக்க 36 கலத் தகட்டில் 18 கலங்களுக்கு ஒன்றாக இரண்டு மாற்றுவழி டையோடுகள் வைப்பது வழக்கம். இவற்றின் விலை மிகச் சிறிது. இருந்தும் வீட்டில் செய்யும் தகடுகளில் முதலில் விடுபடுவது இவைதாம். மரப்பலகைமேல் கலங்களை ஒட்டியிருந்தால் கருகுவது கலத்தோடு நில்லாமல் பலகைக்கும் பரவும்.

உறையிடலே உயிர்நிலை

கலங்களைக் கோப்பது தொழிலின் எளிய பாதி. கடினமான பாதி, அவற்றை ஈரத்திலிருந்தும் காற்றிலிருந்தும் இருபத்தைந்து ஆண்டுகள் காப்பது. ஆலையில் இரும்புச்சத்துக் குறைந்த கடினக் கண்ணாடி, அதன்கீழ் எத்திலீன் வினைல் அசிட்டேட் படலம், கலங்கள், மீண்டும் படலம், கடைசியில் பின்தாள் என்று அடுக்கி, வெற்றிட அறையில் ஏறத்தாழ 150 டிகிரி வெப்பத்தில் ஒன்றாக உருக்கி இணைக்கின்றனர். உள்ளே காற்றுக்குமிழி நில்லாது. பட்டறையில் இவ்வெற்றிட இயந்திரம் இராது. அதற்கு மாற்றாக அக்ரிலிக் பலகையும், சிலிகோன் பசையும், ஒட்டுப்பலகைச் சட்டமும் பயன்படுத்துகின்றனர். அக்ரிலிக் வெயிலில் வளைகிறது; ஒட்டுப்பலகை மழையில் உப்புகிறது; இடுக்கில் புகுந்த நீராவி செம்பு நாடாவையும் வெள்ளிப்பட்டையையும் அரிக்கிறது. தகடு செய்த அன்று அழகாகவே இருக்கும். இரண்டு மழைக்காலங்கள் கடந்தபின் அதைப் பார்க்க வேண்டும்.

பொருளாதார நோக்கில் இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஆலைத் தகடு ஒன்று 4,000 ரூபாய் என்றும், அதே திறனுள்ள கைத்தகடு 2,500 ரூபாய் என்றும் கொள்வோம். முதலாவது 25 ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 160 ரூபாய். இரண்டாவது நான்கே ஆண்டுகள் உழைத்தால் 625 ரூபாய். வட்டியைச் சேர்த்தால் இடைவெளி சற்றுக் குறையும்; ஆனால் மறையாது. கைத்தகடு மலிவு என்பதே இன்று ஐயத்திற்குரியது. கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் சில்லறையில் வாங்குபவர், அவற்றை லாரிக் கணக்கில் வாங்கும் ஆலையோடு விலையில் போட்டியிட முடியாது. 1970களின் நடுவில் தகட்டின் விலை, இன்றைய பண மதிப்பில், ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ நூறு டாலராக இருந்தது; அண்மை ஆண்டுகளில் அது கால் டாலருக்கும் கீழே வந்துவிட்டது. விலை உச்சியில் இருந்தபோது உழைப்பைத் தந்து பணத்தை மிச்சப்படுத்துவதில் பொருள் இருந்தது. மிச்சப்படுத்த வேண்டிய பணமே சுருங்கிவிட்டபின் அவ்வாதம் வலுவிழக்கிறது.

நாட்டின் அனுபவம்

சாகிபாபாத்தில் உள்ள சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977இல் இந்தியாவின் முதல் சூரியக் கலத்தையும் 1978இல் முதல் தகட்டையும் உருவாக்கியது. 1982இல் மரபுசாரா எரிசக்தித் துறை ஏற்பட்டது. அதுவே 1992இல் தனி அமைச்சகமாகி, 2006இல் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

ஊரக மக்களின் கையில் இத்தொழில்நுட்பத்தைச் சேர்க்கும் முயற்சிகளில் இரண்டு கருதத்தக்கவை. இராஜஸ்தானில் திலோனியா கிராமத்தில் 1972இல் தொடங்கிய வெறுங்கால் கல்லூரி, பள்ளிக் கல்வி குறைந்த பெண்களைச் சூரிய விளக்குப் பொறியாளர்களாகப் பயிற்றுவித்தது. அவர்கள் கற்பது மின்னேற்றக் கட்டுப்பாட்டுச் சுற்றுகளைப் பற்றவைத்தல், விளக்குகளைக் கோத்தல், பொருத்துதல், பழுது நீக்குதல் ஆகியவை. இத்தெரிவு நுட்பமானது. பழுது அடிக்கடி நேரும் இடமும், உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் இடமும் அவையே. கெட்டால் திறந்து மீண்டும் செய்யவும் கூடும்.

இரண்டாவது, அதே மாநிலத்தின் டூங்கர்பூர் மாவட்டம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வழிகாட்டலில் பழங்குடிப் பெண்கள் முதலில் மாணவர்களுக்கான படிப்பு விளக்குகளைக் கோத்தனர்; பின்னர், 2017இல், அப்பெண்களின் உடைமையாகவே தகடு செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்று அமைந்தது. துர்கா என்பது அதன் சுருக்கப் பெயர். கலங்களை வாங்கி, வெட்டி, பற்றவைத்து, முறையான உறையிடல் செய்து சிறு தகடுகள் ஆக்குவது அதன் பணி. மேசையும் கோலும் மட்டும் கொண்டு அவர்கள் தொடங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரம், சோதனை, பயிற்சி, விளக்குத் திட்டத்தின் வழியே ஓரளவு உறுதியான கொள்முதல் ஆகிய நான்கும் அமைந்த பின்னரே தகடு வந்தது.

சட்டமும் சலுகையும்

2017இல் பிறப்பித்த ஆணைப்படி, விற்பனைக்கு வரும் தகடுகள் ஐ.எஸ். 14286 முதலான தரங்களுக்கு உட்பட்டு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெறவேண்டும் என்றாயிற்று. சோதனைச் செலவைச் சிறு பட்டறை தனித்துத் தாங்குவது அரிது. 2022 ஏப்ரல் 1 முதல் இறக்குமதித் தகடுகளுக்கு 40 விழுக்காடும் கலங்களுக்கு 25 விழுக்காடும் சுங்கவரி விதிக்கப்பட்டது. வெளிநாட்டுக் கலத்தைக் கொணர்ந்து இங்கே கோப்பவருக்கு இவ்விடைவெளி ஓர் ஆதாயம். எனினும் அதன் பெரும்பயன் தானியங்கி ஆலைகளுக்கே சென்றது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரை அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுக் கலங்களால் உள்நாட்டிலேயே ஆன தகடு என்பது அதன் நிபந்தனை. வீட்டில் கோத்த தகட்டிற்கு அங்கு இடமில்லை.

ஆகவே, ஊரகத் தொழில் என்ற பெயரில் தகடு கோக்கும் பட்டறைக்கு நிதி கேட்டு வரும் கோப்பில் அதிகாரி பார்க்க வேண்டியது பயனாளிகளின் எண்ணிக்கையை அன்று. உறையிடும் இயந்திரம் உண்டா, சோதனைச் சான்று எங்கிருந்து பெறப்படும், கலம் யார் தருவார், முதல் மூன்றாண்டுகளுக்கு வாங்குவோர் யார் என்பனவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றுக்கு விடையில்லையேல் அதே தொகையைப் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கு மாற்றுவது மேல் என்பது என் கருத்து. 2015இல் தொடங்கிய சூரியமித்ரா பயிற்சி, பொருத்துதலையும் பராமரித்தலையும் முதன்மையாகக் கொண்டது. ஊரில் நின்றுபோய்க் கிடக்கும் தெருவிளக்குகளை எண்ணிப்பார்த்தவர்கள் அதன் தேவையை மறுக்கமாட்டார்கள்.

பாடமாகக் கற்பதற்கோ, தகடு கோப்பதைப் போன்று சிறந்த பயிற்சி வேறில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் நான்கு மாணவருக்கு ஒரு தகடு, 36 துண்டுகள், இரண்டு டையோடுகள் என்று கொடுத்துவிடலாம். முதலில் டையோடு இன்றிக் கோத்து, வெயிலில் வைத்து, ஆம்பியர்மானியை இணைத்து, ஒரே ஒரு துண்டை மட்டும் கட்டைவிரலால் மூடச் சொல்ல வேண்டும். முள் ஏறக்குறைய சுழிக்கு இறங்கும். அதன்பின் டையோடுகளைப் பொருத்தி அதே துண்டை மீண்டும் மூடி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளச் செய்யலாம்.