அப்பப்பாவின் மண்வெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

தங்கச்சிமாரே, தம்பிமாரே, பெரும்போக வேலை தொடங்குமுன் கோடிப்புறத்தை ஒருமுறை கிளறிப் பாருங்கள். மண்வெட்டி, தாக்கத்தி, அலவாங்கு, காட்டுக்கத்தி என்று அப்பப்பா காலத்துச் சாமான் ஏதாவது கறளேறிக் கிடக்கும். இரும்பு கறள்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். நம் தம்பலகாமத்தில் ஒரு பக்கம் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல், மறுபக்கம் குடாவின் உப்புக்காற்று. இடம்பெயர்ந்து திரும்பிய வீடுகளில் ஆண்டுக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடந்தவையும் உண்டு. பார்க்க மோசமாக இருந்தாலும், பெரும்பாலும் கறள் மேற்தோலோடுதான் நிற்கும்.

1. முதலில் தட்டிப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டும்போது கணீரென்று கேட்டால் உள்ளிரும்பு நல்லது. சத்தம் மந்தமாகி, தகடு தகடாக உதிர்ந்தால் வெடிப்போ ஓட்டையோ இருக்கும். அதை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

2. உதிர்வதை உதிர்த்து விடுங்கள். மண்ணைக் கழுவிக் காயவைத்து, கம்பிப் பிரஷ்ஷாலோ தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் கொண்டோ தேயுங்கள். பழைய பெயின்ட் இருந்தால் காய்ந்தபடி சுரண்டாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். நனைத்துச் சுரண்டி, பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

3. வினாகிரியில் ஊறவிடுங்கள். இரும்பு மூழ்குமளவு வினாகிரி ஊற்றி ஓர் இரவு வையுங்கள். மரப்பிடி நனையக்கூடாது. அலவாங்கு நீளமென்றால், ஒரு முனை அடைத்த பிவிசி குழாய்க்குள் நிறுத்தலாம். அல்லது வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே பொலித்தீன் கட்டலாம். காலையில் கறள் கறுப்புச் சேறுபோலத் தேய்த்தவுடன் வந்துவிடும். ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள், புளிப்பு நல்ல இரும்பையும் அரிக்கும். நாகம் பூசிய வாளி, தகரத்துக்கு இந்த முறை கூடாது. பூச்சே கரைந்து போகும். சிறிய கறளுக்குத் தேசிக்காயும் உப்பும் போதும். பிறகு உப்புப் போக நன்றாகக் கழுவ வேண்டும்.

4. புளிப்பை முறியுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கழுவி, பின் நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். இங்கே சோம்பினால் சில நிமிடத்திலேயே செம்மஞ்சள் படலம் மறுபடி வரும்.

5. தாக்கத்திப் பல்லைக் காப்பாற்றுங்கள். பல்லுக்குக் குறுக்கே உப்புத்தாள் போட்டால் கூர் மழுங்கும். பழைய பல் பிரஷ்ஷால் பல்லின் வெட்டு ஓடும் திசையில் மட்டும் தேயுங்கள். கத்தி அலகில் கிரைண்டரை அழுத்தி வைக்காதீர்கள். அலகு சூடேறி நீலமானால் கொல்லர் ஏற்றிய உரம் போய்விடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

6. சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள். வெயிலில் காய்ந்த இளஞ்சூட்டில் மெல்லிதாகப் பூசித் துடையுங்கள். வயல் சாமானுக்கு இயந்திர ஒயில் நல்லது. அரிவாள், திருவலை, இரும்புத் தாச்சி போன்ற சமையல் சாமானுக்கு ஒயிலும் மண்ணெண்ணெயும் வேண்டாம், தேங்காயெண்ணெய் போதும்.

7. நிலத்தில் வைக்காதீர்கள். சிமெந்துத் தரை ஈரத்தை இழுத்துக் கொடுக்கும். வேலை முடிந்த அன்றே மண் கழுவித் துடைத்து, ஆணியில் தொங்கவிடுங்கள். உரப்பைக்குப் பக்கத்தில் வேண்டாம். உரத்திலுள்ள உப்பும் இரும்பைத் தின்னும்.

8. கையைக் காத்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள். ஏற்புவலிக் கிருமி கறளிலிருந்து உண்டாவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. அதனால் வயல் இரும்பு வெட்டினால், காயம் சிறிதென்று விடாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஊசி பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

கறளை எடுப்பது ஒரு நாள் வேலை. திரும்ப வராமல் வைப்பது நாளாந்தம் துடைத்து எண்ணெய் போடும் பழக்கம். கொல்லர் அடித்த நல்ல இரும்பு உங்கள் பிள்ளைகளுக்கும் உழைக்கும். எடை போட்டு விற்றுவிடாதீர்கள்.