லஸ் முனையில் ஒரு பெண் பெயர்

கேள்வி: பேத்திக்கு ‘இசபெல்லா’ என்று பெயர் வைக்கணும் என்கிறார் மருமகன். ஸ்பானியப் பெயராம். அந்தப் பெயர்களுக்கெல்லாம் பொருள் உண்டா?
– ஒரு வாசகி, தம்மம்பட்டி

பதில்: பேஷாக உண்டு. எலிசபெத்தைத்தான் ஸ்பெயினில் ‘இசபெல்’ என்பார்கள். ‘லா’ இத்தாலிக்காரர்கள் ஒட்டிய வால். மூலம் எபிரேயம், ‘கடவுள் மீது ஆணை’ என்கிற மாதிரிப் பொருள்.

ஸ்பானியப் பெண் பெயர்களில் பல, மாதாவின் பட்டங்கள். அதே பட்டங்கள் நம் ஊரிலும் பெயராகியிருப்பதுதான் வேடிக்கை. அங்கே தொலோரஸ், இங்கே வியாகுலமேரி, இரண்டும் துயரம்தான். அங்கே சொக்கோரோ, இங்கே சகாயமேரி. ரொசாரியோ என்றால் ஜெபமாலை. ‘ஓ’வில் முடிந்தாலும் அங்கே பெண் பெயர். நியேவெஸ் என்றால் பனி. பனியே விழாத தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5 திருவிழா!

மெர்சிடிஸ் என்றால் கருணை. எமில் ஜெலினெக் என்ற வியாபாரி தன் மகள் பெயரைக் காருக்கு வைக்க, விலையில் மட்டும் கருணை இல்லாமல் போயிற்று.

சென்னையில் 12பி பஸ்ஸில் ‘லஸ் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கிறவர்களும் ஒரு ஸ்பானியப் பெண் பெயரைத்தான் சொல்கிறார்கள். லஸ் என்றால் ஒளி. போர்த்துகீசியர் அங்கே கட்டிய பிரகாச மாதா கோயிலால் வந்த பெயர். இரு மொழியிலும் ஒரே சொல்.

மருமகனிடம் ‘ஜோதி’ என்று சொல்லிப் பாருங்களேன். மசியாவிட்டால் இசபெல்லாவே இருக்கட்டும். உங்கள் ஊர்ச் சிற்பிகளிடம் வாகை மரப் பலகையில் செதுக்கி வாங்கித் தொட்டிலுக்கு மேலே மாட்டுங்கள்.