இரண்டு பம்பை செட் சேர்ந்த இரவு

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காலைத் தரிசனத்தைக் கணக்கு வைத்துத்தான் கிளம்புவார்கள். பம்பை கேட்க ஆசைப்படுகிறவர்கள் வியாழன் இரவே வந்துவிட வேண்டும். சந்தவாசலில் இறங்கி, ஜவ்வாது மலையைப் பார்த்தபடி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ளே வந்தால் ஊர். இந்த அம்மன் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். வேன் பிடித்து வருகிறவர்களில் சிலர் தங்கள் ஊர் பம்பை செட்டையும் கூடவே கூட்டிவந்துவிடுவார்கள். கோயிலைச் சுற்றிக் கிடைத்த இடத்தில் அடுப்பு மூட்டி, பொங்கல் வைத்து, கரகம் ஜோடிப்பார்கள். ராத்திரி கச்சேரி அங்கேதான்.

எனக்கு மறக்கவே முடியாத கச்சேரி அப்படி ஒரு கரகத்தின் முன்னால்தான் நடந்தது. ஒரு பம்பை, ஒரு உடுக்கை, கைச்சிலம்போடு இருவர் என்று சின்ன செட். வயதான வாத்தியார் பம்பையும் அடித்து வர்ணிப்பும் பாடினார். கரகம் எடுக்க வேண்டிய அம்மாவுக்கு அருள் வரவில்லை. ஈரப் புடவையோடு கண்ணை மூடி நின்றவர், நின்றபடியே நின்றார். வாத்தியார் அடியை மாற்றினார், பாட்டை மாற்றினார், குரலை ஏற்றினார். எதற்கும் அசைவில்லை. வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள்.

பக்கத்தில் வேறொரு குடும்பத்தின் செட் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு இளைஞர் பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். வாத்தியார் அவரைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பம்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு உருளை மேளங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பம்பை. ஒன்று மரம், அதை வீருவனம் என்பார்கள். இன்னொன்று பித்தளை, அது வெங்கலப் பம்பை. மரத்தின் சத்தம் மார்பில் இறங்கும், பித்தளையின் சத்தம் காதைக் கூசவைக்கும். ஒரே ஆளின் இரண்டு கைகளும் இந்த இரண்டையும் பேசவைப்பதுதான் வழக்கம். அன்றைக்கு வாத்தியார் பித்தளையை விட்டுவிட்டு மரத்தை மட்டும் அடித்தார். இளைஞர் மரத்தைத் தொடாமல் பித்தளையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடக்கிற பேச்சு, ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடக்கிற பேச்சாக மாறியது. இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிக்குள் அதுவரை அமுங்கிக் கிடந்த உடுக்கை எழுந்து வந்தது.

பாட்டு ரேணுகாதேவி கதையில் இருந்தது. ஜமதக்கினி முனிவர் கட்டளையிட, மகன் பரசுராமனே தாயின் தலையை வெட்டுகிற கட்டம். படவேட்டில் கும்பிடுவது அந்தத் தாயின் சிரசைத்தான். வாத்தியார் மகன் அழுகிற இடத்திலிருந்து நகராமல் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பாடினார், ஒவ்வொரு சுற்றிலும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். அந்த அம்மாவின் வலது கால் கட்டைவிரல் மண்ணைக் கீறியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். அதன்பிறகு தாளம் அவர்கள் கையில் இல்லை. அந்தக் கால் போன இடத்துக்கு மேளம் போனது, மேளம் கொஞ்சம் முந்தினால் கால் துரத்தியது. சிலம்புக்காரர்கள் இரண்டுக்கும் பாலம் போட்டார்கள். கரகம் தலைக்கு ஏறிக் கோயில் வாசல் போய்ச் சேரும்வரை ஒரு அடிகூட அறுந்துபோகவில்லை.

முடிந்ததும் வாத்தியாரிடம் போய், “அய்யா, இந்த அண்ணன்கூட முன்னாடி சேர்ந்து அடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல தம்பி. எந்த ஊருன்னே தெரியாது. அந்தம்மா கால் சொல்லிச்சி, ரெண்டு பேரும் கேட்டுக்கினோம்” என்றார்.

அந்த இரவுக்குப் பிறகு நான் கேட்கிற விதமே மாறிவிட்டது. பம்பைக்காரருக்கு எதிரே நிற்பதில்லை. அவருக்குப் பக்கவாட்டில், அவர் கையும் ஆடுகிறவர் காலும் ஒரே பார்வையில் படுகிற இடத்தில் நிற்கிறேன். கூம்பு ஒலிபெருக்கி கத்துகிற பக்கம் போவதில்லை. காதை முதலில் உடுக்கைக்குக் கொடுக்கிறேன். அதன் இடுப்புக் கயிற்றை அழுத்தும்போது சத்தம் வளைந்து மேலேறும். அடுத்தது மாறப்போகிறது என்று நான் தெரிந்துகொள்வது பெரும்பாலும் அந்த வளைவில்தான். கதையை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு போவது மிகவும் உதவும். எந்த இடத்தில் வாத்தியார் தங்கிவிட்டார், எதைத் தாண்டிப் போனார் என்பது புரிந்தால்தான் அவர் என்ன தேடுகிறார் என்பது பிடிபடும்.

அமெரிக்காவில் 1965-ல் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவை நான் தேடிக் கேட்கத் தொடங்கியதும் அந்த இரவால்தான். மேடையிலேயே பாட்டை நீட்டி, கிளைபிரித்து, ஒவ்வொரு இரவும் வேறாக வாசித்தவர்கள். அவர்களுடைய தாளக்கலைஞர் மிக்கி ஹார்ட் 1991-ல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் நம்முடைய கடம் விநாயக்ராம் வாசித்திருக்கிறார். ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்வதற்கென்றே 1984-ல் அந்தக் குழு அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. படவேட்டுக்கும் அந்த முறையைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். செட்டுக்காரர்களிடமும் வீட்டுக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டு, செல்போனைச் சட்டைப் பையில் வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். அருள் வந்து நிற்கிறவரின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவரிடம் அனுமதி கேட்கவே முடியாது.

நடுவில் ரூபாய் நோட்டை நீட்டுவதும் சினிமாப் பாட்டு கேட்பதும் கச்சேரியைக் கெடுக்கும். விபூதி வாங்கும்போது தட்டில் போடலாம். பத்து நிமிடம் கேட்டவர்களும் போட வேண்டும், விடிய விடிய நின்றவர்கள் தாராளமாகப் போட வேண்டும்.

கலைவிழா மேடைகளில் பம்பைக்குக் கால் மணி நேரம் ஒதுக்குகிறார்கள். கலைஞர்களுக்கு அது வருமானமும் மரியாதையும் தருகிறது, நல்லதுதான். ஆனால் அங்கே மேளம் பின்தொடர ஒரு கால் இல்லை. அதனால் தெரிந்த அடிகளை வேகமாக அடித்துக் காட்டிவிட்டு இறங்க வேண்டியதாகிறது. அதைக் கேட்டுவிட்டு ‘பம்பை கேட்டாயிற்று’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு.

ஆடியை விட்டால் வாய்ப்பில்லை என்றும் இல்லை. கூழ் வார்க்கும் திருவிழாக்களுக்குச் செட் வரும். எங்கள் வடமாவட்டங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி என்கிற வீட்டுத் தெய்வத்துக்கு வைக்கிற படையலுக்கும் பம்பையும் உடுக்கையும் வைத்து அழைக்கிற வீடுகள் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு படையல் வந்தால் செட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சாப்பாடும் போக்குவரத்தும் உங்கள் பொறுப்பு என்று பேசிவிடுங்கள். எத்தனை மணி நேரம் என்று மட்டும் பேச வேண்டாம், பூவாடை வந்து இறங்குகிற வரைக்கும் என்று பேசுங்கள்.