நெற்றிச் சாம்பல் எங்கிருந்து வருகிறது?



திருநீற்றுப் புதனன்று காலையில் நெற்றியில் சாம்பல் சிலுவையுடன் பள்ளிக்கு வருகிறோம். முதல் பாடவேளை முடிவதற்குள் அது பாதி அழிந்துவிடும். பிறகு ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒன்பதாம் வகுப்பில் மறைக்கல்வி வேளையில் சிஸ்டர் இதே கேள்வியைக் கேட்டார்கள். "கோவில் சமையற்கட்டு அடுப்பிலிருந்து" என்றாள் ஒருத்தி. "நாகர்கோவில் கடையில் பொட்டலமாக விற்கிறார்கள்" என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "தெரியாததைச் சொல்லிச் சிரிப்பதைவிடத் தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது" என்று சொல்லி, ஒரே பங்கைச் சேர்ந்த எங்கள் ஐவரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அப்படித் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறோம். எழுதக் கூச்சமாக இருப்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் நாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மார்ச் 21-ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. வானத்து நிலவுக்கும் திருச்சபையின் கணக்குக்கும் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். 2024-ஆம் ஆண்டில் மார்ச் 25, திங்கட்கிழமை முழுநிலவு. ஆகவே 31-ஆம் தேதி உயிர்ப்புப் பெருவிழா. அதிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் திருநீற்றுப் புதன், அதாவது பிப்ரவரி 14. தவக்காலம் 40 நாள் என்று படித்துவிட்டு 46 எப்படி வந்தது என்று நாங்களும் குழம்பினோம். இடையில் வரும் ஆறு ஞாயிறுகள் நோன்புக் கணக்கில் சேரா. இந்த நாள் மிக முந்தினால் பிப்ரவரி 4-இல் வரும். மிகப் பிந்தினால் மார்ச் 10-இல் வரும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் "விபூதிப் புதன்" என்றே சொல்கிறார்கள். அன்றைக்கு ஒருசந்தியும் சுத்தபோசனமும் உண்டு. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு. மாமிசம் விலக்குவது 14 வயது நிறைந்தவர்களுக்கு. எங்களில் இருவருக்கு அப்போது 14 நிறையவில்லை. அதை அவர்கள் வீட்டில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. மீன் மாமிசக் கணக்கில் வராது என்பது திருச்சபைச் சட்டம். கடற்கரைக்காரர்களான நமக்கு அதில் என்ன தவம் இருக்கிறது என்று எங்கள் வீடுகளில் அன்றைக்கு மீனும் வாங்குவதில்லை.

சாம்பலுக்கு வருவோம். முந்திய ஆண்டு குருத்து ஞாயிறன்று மந்திரிக்கப்பட்ட ஒலிவக் கிளைகள் அல்லது வேறு மரக்கிளைகளை எரித்தே இந்தச் சாம்பல் எடுக்க வேண்டும் என்று திருப்பலிப் புத்தகம் சொல்கிறது. நம் நாட்டில் ஒலிவம் ஏது? எங்கள் பங்கில் தென்னங்குருத்து. எங்களில் ஒருத்தியின் அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊரில் பனங்குருத்து. ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்தபோது மக்கள் பிடித்தவை பேரீச்ச ஓலைகளாக இருந்திருக்கும். அதுவும் பனை, தென்னைக் குடும்பமே. ஆக, ஓசன்னா பாடிப் பிடித்த அதே ஓலைதான் பத்து மாதம் கழித்துச் சாம்பலாகி நம் நெற்றிக்கு வருகிறது.

எங்கள் கோவில்பிள்ளை தாத்தாவிடம் போனோம். "கேள்வி கேட்டா போதாது, வேலைக்கும் வரணும் மக்களே" என்றார். ஞாயிறு திருப்பலியில் பழைய ஓலைகளைக் கொண்டுவரும்படி அறிவிப்பு வாசித்தார்கள். மாலைக்குள் ஒரு சாக்கு நிறைந்துவிட்டது. அதைக் கொட்டிப் பிரித்தபோதுதான் ஓலை ஒவ்வொரு வீட்டிலும் எங்கெங்கே குடியிருந்தது என்று தெரிந்தது. திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருந்தவற்றில் ஒட்டடை. வாசல் நிலையில் செருகியிருந்தவை வெயிலில் வெளுத்திருந்தன. வள்ளத்து அணியத்தில் கட்டியிருந்தவற்றில் உப்புப் பூத்திருந்தது. சிலுவைகள்தான் அதிகம், ஆனால் கிளி, மோதிரம், கிலுகிலுப்பை, கைக்கடிகாரம்கூட இருந்தன. பூசையில் பிரசங்க நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு அந்தச் சாக்கே சாட்சி! ஓலையோடு கட்டியிருந்த பிளாஸ்டிக் பூக்களையும் நைலான் நூலையும் பிரித்தெடுக்கவே ஒரு மணி நேரமானது.

இனிதான் எங்கள் அவசரபுத்தி. "விடியக்காலம் காத்து அடங்கினப்பறவு எரிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தாத்தா நோயாளி ஒருவர் வீட்டுக்குச் சாமியாரோடு போய்விட்டார். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று நாங்களே கோவிலுக்குப் பின்புறம் தீ வைத்தோம். பகலில் கடலைவிடக் கரை விரைவாகச் சூடேறும். சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். இந்தக் கடற்காற்றைப் புவியியலில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள்தான் நாங்கள். மாலை நாலரை மணிக்கு அது எங்கள் நெருப்பைக் கண்டுபிடித்தது. எரிகிற ஓலைகள் ஒவ்வொன்றாக எழும்பி, வலை காயப் போட்டிருந்த பக்கமாகப் பறந்தன. ஒருத்தி தாவணியைக் கழற்றி அடித்தாள், ஒருத்தி செருப்பால் மிதித்தாள், ஒருத்தி "மாதாவே!" என்று கூவியபடி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பெயரை எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். நல்லவேளையாக வலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஓலையில் பாதி பறந்துவிட்டது. மீதி எரிந்து இரண்டு கைப்பிடிச் சாம்பல் கிடைத்தது.

ஒரு சாக்கு ஓலைக்கு இவ்வளவு குறைவான சாம்பலா என்று தோன்றும். ஓலையில் பெரும்பகுதி கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த பொருள்கள். எரியும்போது அவை கார்பன்-டை-ஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றோடு போய்விடுகின்றன. மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய தாதுக்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. காற்று தாராளமாகக் கிடைத்து முழுவதும் எரிந்தால் கரி எஞ்சுவதில்லை. சாம்பல் வெளிறிப் போகும். எங்கள் சாம்பல் அப்படித்தான் வெளிறியிருந்தது. ஒருத்தி நெற்றியில் இட்டுப் பார்த்தோம், உடனே உதிர்ந்தது.

சந்தனம்போல் குழைத்தால் ஒட்டும் என்று ஒரு யோசனை பிறந்தது. ஒரு டம்ளரில் தண்ணீர் விட்டுக் குழைத்து இரவு முழுவதும் வைத்தோம். திங்கட்கிழமை காலை, யோசனை சொன்னவளே அதைத் தன் நெற்றியில் சிலுவையாக இட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டாள். அழகாக ஒட்டியிருந்தது. பாதி வழியில் அரிக்கிறது என்றாள். பள்ளி வாசலில் எரிகிறது என்றாள். குழாயடியில் கழுவிப் பார்த்தால், சிலுவை இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு சிலுவை!

அறிவியல் டீச்சரிடம் ஓடினோம். அவர்கள் முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மறுபடி கழுவினார்கள். பிறகு எங்களைத் திட்டினார்கள். அதன்பின் டம்ளரைக் கொண்டுவரச் சொன்னார்கள். மேலே தெளிந்து நின்ற நீரில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்ததும் நீலமாக மாறியது. இலை, விறகு ஆகியவற்றின் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது நீரில் கரைந்து காரமாகிறது. காரம் தோலை அரிக்கும். அந்தக் காலத்தில் சாம்பல் நீரைக் கொண்டு அழுக்குத் துணி வெளுத்ததும், கொழுப்போடு காய்ச்சிச் சோப்புச் செய்ததும் இதனால்தான். பானையில் காய்ச்சி எடுத்த சாம்பலுப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கிய "பொட்டாஷ்" என்னும் பெயரை வைத்தே, 1807-இல் ஹம்ஃப்ரி டேவி தாம் பிரித்தெடுத்த உலோகத்துக்குப் பொட்டாசியம் எனப் பெயரிட்டார் என்றும் டீச்சர் சொன்னார்கள். எங்களுக்கு அதெல்லாம் அப்போது காதில் ஏறவில்லை. அந்த டம்ளரை அன்று மாலை தாத்தாவிடம் கொடுப்பதாக இருந்தோம். பங்கில் கைக்குழந்தை முதல் கிழவி வரை எத்தனை நெற்றிகள்!

மாலையில் தாத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கோபப்படவில்லை, அதுவே எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. ஓலை தராத வீடு எதுன்னு பாருங்க" என்றார்.

தெருத் தெருவாகப் போனோம். பலரும் மறந்திருந்தார்களே தவிர மறுக்கவில்லை. கடைசித் தெருவில் ஓர் ஆச்சி வீடு. ஆச்சி பழைய ஓலைகள் நான்கைந்தை எடுத்துத் தந்தார். படத்துக்குப் பின்னால் இன்னும் ஒரு சிலுவை தெரிந்தது. நன்றாகப் பழுத்து, தேயிலை நிறமாகிவிட்ட சிலுவை. "ஆச்சி, அதையும் தாங்களேன்" என்று ஒருத்தி கையை நீட்டிவிட்டாள்.

"அது போன வருசத்து ஓலை இல்ல மக்களே. அவன் கெட்டுனது."

யார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் நம் கடலைப் புரட்டியபோது ஆழ்கடலில் இருந்தவர்களில் ஆச்சியின் இளைய மகனும் ஒருவர். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை. அந்த ஆண்டு குருத்து ஞாயிறு ஏப்ரல் 9-ஆம் தேதி. பூசை முடிந்து கோவில் படியில் உட்கார்ந்து அவர் முடைந்து தாயின் கையில் கொடுத்த சிலுவை அது. ஆண்டுதோறும் மற்ற ஓலைகள் எரிப்பதற்குப் போகும்; இது மட்டும் போவதில்லை.

"எரிச்சா அவன் போட்ட முடிச்சும் போயிரும்லா?" என்றார் ஆச்சி. கை நீட்டியவள் அழுதுவிட்டாள். ஆச்சிதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வரும் வழியில் எங்களுக்குள் வாக்குவாதம். மந்திரித்த ஓலையைத் திருப்பித் தராமல் வைத்திருப்பது பாவமா? சாமியாரிடமே கேட்டோம். மந்திரித்த பொருளைக் குப்பையில் எறியக் கூடாது, பழுதானால் எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும். ஆனால் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வீட்டில் புதைப்பதற்கு வேறு என்ன கிடைத்தது?" என்றும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் தாத்தாவோடு எரித்தோம். ஓர் இலை அசையவில்லை. பழைய இரும்புச் சட்டியில் ஓலையை நறுக்கிப் போட்டு, நன்றாகப் பற்றியதும் தட்டால் மூடிவிட்டார். காற்றுக் குறைந்தால் கரி முழுவதும் எரியாமல் நிற்கும். கறுப்பு நிறம் அதனால்தான். ஆறியபின் சிற்றுரலில் இடித்து மல்துணியில் சலித்தோம். மாவுபோல் மென்மையாக, மையைப்போல் கறுப்பாக ஒரு கிண்ணம் வந்தது. ஒரு சிட்டிகையில் பல நெற்றிகளுக்கு ஆகும். மந்திரிக்கும்போது குருவானவர் தெளிக்கும் தீர்த்தம் சில துளிதான், சாம்பல் குழையாது. எங்களைப்போல் டம்ளரில் ஊறவைத்தால்தான் வினை.

நெற்றியில் சிலுவை இடுவதே எங்கும் வழக்கம் என்று நினைத்திருந்தோம். ஐரோப்பாவில் பல இடங்களில் உச்சந்தலையில் தூவுகிறார்கள். 2021-இல் கொரோனா காலத்தில் தொடாமல் தலையில் தூவும்படி ரோமாபுரியிலிருந்தே உத்தரவு வந்தது. விசுவாசிகள் எல்லாரும் சாம்பல் பெறும் வழக்கத்தை 1091-ஆம் ஆண்டு பெனவெந்தோ சங்கத்தில் பாப்பரசர் இரண்டாம் உர்பன் காலத்தில் வலியுறுத்தினார்கள் என்று சிஸ்டர் சொல்லித் தெரிந்துகொண்டோம். அதற்கு முன் பெரும்பாவிகள் பகிரங்கமாகத் தவம் செய்தபோதே சாம்பல் இடப்பட்டது.

புதனன்று வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆச்சி நின்றார். நாங்கள் இடித்த சாம்பல் அவர் நெற்றியில் ஏறியது. சிவப்புச் சிலுவைக்காரி தன் முறை வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எரியவில்லை.

குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள், மார்ச் 23-ஆம் தேதி, நாங்கள் ஐவரும் ஒரு கட்டுக் குருத்தோடு ஆச்சி வீட்டுக்குப் போனோம். ஆச்சிக்கு முடையத் தெரியாது. எங்களுக்கும் சாதாரணச் சிலுவைதான் தெரியும். அந்த முடிச்சைப் பார்த்துப் பழகிக்கொள்கிறோம் என்று கேட்டோம். ஆச்சி வெகுநேரம் யோசித்தார். பிறகு படத்துக்குப் பின்னாலிருந்து சிலுவையை எடுத்து, முந்தானையால் துடைத்து, எங்கள் நடுவில் பாயில் வைத்தார். பிரிக்காமல் பார்க்க வேண்டும். ஈர்க்கைக் கிழித்து நீக்கிய ஓலையைக் கையும் காலுமாக மடித்துவிடலாம்; நடுவில் வரும் சதுரம்தான் பிடிபடவில்லை. நாலு ஓலை கிழிந்தது. ஐந்தாவதில்தான் கண்டுபிடித்தோம்: மூன்று முறை வெளிப்பக்கமாகச் சுற்றிய பிறகு, நாலாவது மடிப்பில் ஓலையை உள்பக்கமாகத் திருப்பி, முதல் சுற்றின் அடியில் கொடுத்து இழுக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் அதை வெளியிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.