திரையில் வரைந்த கோடு பலகையில் இறங்கும் வரை

3018 என்ற பெயரில் விற்கும் சின்ன சிஎன்சி இயந்திரத்தை வாங்கி, நட்டு போல்ட்டெல்லாம் முறுக்கி, மோட்டார் சுற்றுவதைப் பார்த்துப் பூரித்த பிறகுதான் பலருக்குத் தலைவலி ஆரம்பிக்கிறது. கணினியில் படம் தயார், மேசையில் இயந்திரமும் தயார். படத்தை இயந்திரத்திடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது? ஒரு பெயர்ப்பலகையைச் செய்தபடியே பார்த்துவிடலாம். 6 மி.மீ. எம்டிஎஃப், அளவு 200க்கு 80, அதில் ‘தேன்மொழி இல்லம்’ என்று குடைந்த எழுத்து. இயந்திரத்தின் மேடை 300க்கு 180 என்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

திரையில் நீங்கள் பார்ப்பதில் பல விஷயங்கள் கோப்போடு போகாது. நிறம் போகாது, கோட்டின் தடிமன் போகாது, எழுத்துரு போகாது. சில சமயம் அளவின் அலகுகூடப் போகாது. இங்கே சொல்லும் வேலைகளில் பாதி, போகாதவற்றைப் போகும்படி செய்வதுதான்.

முதலில் எழுத்து. படத்தை இயந்திரம் ஓடும் தடமாக மாற்றும் கேம் (CAM) மென்பொருளிலேயே எழுத்து அடிக்கும் வசதி இருக்கும். தமிழுக்கு அதை நம்பாதீர்கள். யூனிகோடு எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருள் ‘தே’யின் இரட்டைக் கொம்பைத் ‘த’வுக்குப் பின்னால் ஒட்டும், ‘மொ’வில் கொம்பும் காலும் எங்கெங்கோ நிற்கும். இதனால்தான் சில பட்டறைகளில் இன்றும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவை விடாமல் வைத்திருக்கிறார்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. எழுதி முடித்ததும் பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுங்கள். எழுத்து அந்தக் கணமே வெறும் கோடாகிவிடும், இனி எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. அதனால் மாற்றுவதற்கு முன் ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துவையுங்கள். பிறகு குழுவைப் பிரித்து, ‘யூனியன்’ கொடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் வளைவுகள் ஒன்றாகும்.

எழுத்தைக் குடையாமல் தனித்தனியாக வெட்டி எடுப்பதாக இருந்தால் புள்ளியைப் பாருங்கள். ‘ன்’, ‘ல்’, ‘ம்’ மூன்றிலும் அது எழுத்தோடு ஒட்டாமல் நிற்கிறது. என் முதல் பலகையில் புள்ளிகளைத் தூசி உறிஞ்சியின் பையைக் கொட்டித்தான் தேடி எடுத்தேன்.

அடுத்தது கோடு. சுற்றிலும் 3 மி.மீ. தடிமனில் பார்டர் வரைந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கேம் மென்பொருளுக்குத் தெரிவது அதன் நடுக்கோடு மட்டும்தான். தடிமனும் வேண்டுமென்றால் ‘ஸ்ட்ரோக் டு பாத்’ கொடுத்து இரண்டு ஓரங்களையும் தனிக் கோடுகளாக ஆக்க வேண்டும். மூடாத வளையம் இன்னொரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாத 0.1 மி.மீ. இடைவெளி இருந்தாலும், உள்ளே குடைய இடமே இல்லையென்று கேம் சொல்லிவிடும். இரண்டு முனைகளையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்-ஜே அழுத்தினால் சேர்ந்துகொள்ளும். ஒரே கோடு இரண்டு பிரதியாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் வெட்டும் முனையான பிட் அதே தடத்தில் இரண்டு முறை ஓடி ஓரத்தைக் கருக்கும். சந்தேகமான கோட்டைச் சற்று நகர்த்திப் பாருங்கள், அடியில் இன்னொன்று இருந்தால் தெரிந்துவிடும்.

இப்போது அளவு. பலகையின் ஒரு மூலையில் சரியாக 50க்கு 50 மி.மீ. சதுரம் ஒன்றைத் தனி லேயரில் வரையுங்கள். வெட்டுவதற்கு அல்ல, சாட்சிக்கு. கேமுக்கு அனுப்பும் கோப்பு டிஎக்ஸ்எஃப் ஆகவோ எஸ்விஜி ஆகவோ இருக்கும். டிஎக்ஸ்எஃப் என்பது 1982இல் ஆட்டோகேட்டோடு வந்த பழைய வடிவம். அலகைக் குறிக்காமலே அந்தக் கோப்பை எழுதும் மென்பொருள்கள் இன்றும் உண்டு. அப்போது 200 என்பது மில்லிமீட்டரா, அங்குலமா? அங்குலமென்று எடுத்துக்கொண்டால் உங்கள் பெயர்ப்பலகை ஐந்து மீட்டரைத் தாண்டும். அதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். எஸ்விஜி செய்யும் தப்புதான் நைசானது. இங்க்ஸ்கேப் 0.92க்கு முந்தைய பதிப்புகள் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்டன, பிறகு அது 96 ஆனது. பழைய கோப்பைப் புதிய கணக்கில் படித்தால் 200 மி.மீ. பலகை 187.5 ஆகும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆணித் துளையில் ஆணி உட்காராதபோதுதான் தெரியும். கேமில் திறந்ததும் சதுரத்தை அளந்து பாருங்கள். 50 என்றால் மேலே போகலாம். 46.875 என்றால் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஃப்ரீகேட்டோ வேறெதுவோ, கேமில் செய்யும் வேலை ஒன்றேதான்: எந்தக் கோட்டில் எந்தப் பிட், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று சொல்வது. எழுத்தின் கை 2 மி.மீ. அகலம் என்றால் 3.175 பிட் அதில் நுழையாது. சில மென்பொருள்கள் எச்சரிக்கையே காட்டாமல் அந்த இடத்தை விட்டுவிடும், எழுத்து பொக்கையாக வரும். எழுத்துக்கு 1 மி.மீ. எண்ட் மில் வையுங்கள். ஒரு தடவைக்கு 0.3 ஆழமாக ஐந்து தடவையில் 1.5 மி.மீ. குடையட்டும். வேகத்துக்குக் கணக்கு எளிது: சுழற்சி, பிட்டின் பல் எண்ணிக்கை, ஒரு பல் சீவும் தடிமன் மூன்றையும் பெருக்குங்கள். 10,000 சுழற்சி, 2 பல், 0.01 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 200 மி.மீ. மெதுவாகத்தான் ஓடும். ஆனால் பிட் உடையாது.

சுற்று வெட்டு கடைசியில்தான் வர வேண்டும். முதலிலேயே வெட்டிவிட்டால் பலகை பிடிமானமின்றி ஆடும். பிட் கோட்டுக்கு வெளியே ஓடும்படி சொல்லுங்கள். கோட்டின் மேலேயே ஓடவிட்டால் 3.175 பிட் பலகையை 196.8 ஆக்கிவிடும். நாலு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொள்ள, வெட்டாத சிறு துண்டுகளாக டேப் (tab) விடுவதை மறக்காதீர்கள்.

கேம் இந்தத் தடங்களை இயந்திரத்துக்கான கட்டளைகளாக, அதாவது ஜி-கோடாக, எழுதும்போது போஸ்ட் ப்ராசஸர் ஜிஆர்பிஎல் என்று இருக்கட்டும்; இந்த இயந்திரத்தை இயக்கும் மென்பொருள் அதுதான். இந்த இயந்திரங்களில் பிட் மாற்றும் கட்டளையான எம்6க்கு இயந்திரம் தரும் பதில் எரர் 20 தான். அதனால் எழுத்துக்கு ஒரு கோப்பு, சுற்று வெட்டுக்கு இன்னொரு கோப்பு. நடுவில் பிட்டை மாற்றி இசட்டை மட்டும் மறுபடி பூஜ்ஜியம் செய்துகொள்ளலாம்; எக்ஸ், ஒய்யைத் தொடாதீர்கள்.

கோப்பை இயந்திரத்துக்கு அனுப்பும் முன் நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே ஜி21, ஜி90 இரண்டும் இருக்க வேண்டும்: மில்லிமீட்டர், நேரடி ஆயத்தொலைவு. இடது கீழ் மூலை பூஜ்ஜியம் என்றால் சுற்று வெட்டில் எக்ஸ் மதிப்பு -1.588இல் தொடங்கி 201.588 வரை போகும். மைனஸைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பிட்டின் பாதி அகலம். ஆனால் பிட்டின் வெளி ஓரம் -3.175 வரை எட்டும். அதற்கு உள்ளே கிளாம்ப் இருந்தால் கிளாம்பும் வெட்டுப்படும்.

கடைசியாக ஒரு பென்சில். ஸ்பிண்டில் மோட்டாரை நிறுத்திவைத்து, அதோடு பென்சிலைக் கட்டி, சாட்சிச் சதுரத்தை மட்டும் கோட்டின் மேலேயே ஓடும் தடமாக்கி, காகிதத்தில் வரையவிடுங்கள். வெர்னியரால் அளந்து பாருங்கள். கேமில் 50, காகிதத்தில் 49.5 என்றால் கோப்பில் குற்றமில்லை, இயந்திரத்தின் ஸ்டெப் கணக்குதான் தவறு. ஜிஆர்பிஎல் அமைப்புகளில் டாலர் 100 ($100) எக்ஸுக்கு, டாலர் 101 ஒய்க்கு. இருக்கும் எண்ணை 50ஆல் பெருக்கி, அளந்த எண்ணால் வகுத்துப் போடுங்கள்; 800 இருந்தால் 808.08. மறுபடி ஒரு சதுரம் வரையவிடுங்கள். இரண்டு பக்கமும் 50 வந்துவிட்டால் பென்சிலை அவிழ்த்துவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு பிட்டை மாட்டலாம். எம்டிஎஃப் தூள் பொல்லாதது.