கைப்பேசி வீட்டில் இருக்கும் நேரம்

பாடநூலிலுள்ள க்யூஆர் குறியீட்டை வீட்டில் பார்த்து வரச் சொல்லுமுன், வீட்டில் கைப்பேசி எப்போது இருக்கும் என்று மாணவரிடம் கேட்பது நல்லது. பேசின் பிரிட்ஜ் பகுதியில் பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான். விடியற்காலையில் அது அப்பாவோடு துறைமுக வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பும்போது அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும்.

இணைப்பு இல்லாமலும் படிக்கக்கூடிய நூல்களே இவர்களுக்குத் தேவை. மதுரைத் திட்டம் அதற்கு உதவும். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது இது. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துத் தருகிறார்கள். முதல் நூல் திருக்குறள். முகப்புக் குறிப்பை நீக்காமல் யாரும் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். பள்ளியில் ஒருமுறை பதிவிறக்கிவிட்டால், பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்களின் கைப்பேசிக்கு ப்ளூடூத்தில் அனுப்பிவிடலாம்.

ஸ்கேன் செய்த பக்கங்களைத் தவிர்ப்பது நல்லது. அவை வெறும் படங்கள். இடத்தை அடைக்கும், சொல்லைத் தேட முடியாது. ஒருங்குறியில் உள்ள 1330 குறளும் சேர்ந்தே ஒரு கைப்பேசிப் புகைப்படத்தைவிடச் சிறிய கோப்புதான். பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்தும் காட்டும். பள்ளிக் கணினியில் ‘நீர்’ என்று தேடச் சொல்லிப் பாருங்கள். தண்ணீரும் வரும், ‘நீர்மை’ என்ற குணமும் வரும், ‘நீங்கள்’ என்னும் பொருளில் ‘நீர்’ என்பதும் வரும். எது எந்தக் குறளில் என்று பிரிப்பதற்கே ஒரு பாடவேளை போய்விடும்.