இருபது ஆண்டுத் திட்டமும் இரண்டு மாதக் கெடுவும்

கேள்வி: எங்கள் ஊராட்சி திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் வரை மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். ஊருக்கு நெடுங்காலத் திட்டம் ஒன்றை மக்களை வைத்தே போடலாம் என்று இளைஞர்கள் சிலர் கிளம்பினோம். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். "பிளான் எல்லாம் மெட்ராஸ்ல போடுவாங்கப்பா, நாம லைட்டு கேட்டு வாங்கினா போதும்" என்கிறார்கள். கிராம சபையிலும் தெருவிளக்கு, சாக்கடையைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. எங்கிருந்து தொடங்குவது, ஐயா? கிராம சபைத் தீர்மானத்துக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதில் பாதி சரி. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள் பலவும் அப்போது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் எல்லைக்குள் வந்துவிட்டன. 2008-ல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அதற்குப் பிறகான இருபது ஆண்டுகளுக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. அது போதாதென்று செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் தனித்தனியே புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள். இவற்றில் எந்த எல்லைக்குள் உங்கள் ஊர் விழுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விவசாயம், குடியிருப்பு, தொழில் என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாடு குறிக்கப்படும். ஒருமுறை குறித்தால் அது ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

பெரியவர்களுக்குத் தெரியாத மறுபாதி சட்டத்தில் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டமானாலும் புதுநகர் வளர்ச்சித் திட்டமானாலும் வரைவை வெளியிட்டு ஆட்சேபணையும் யோசனையும் கேட்டாக வேண்டும். எழுத்து மூலமாக, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவகாசம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது.

இரண்டு மாதம் தாராளமாகத் தோன்றும். நடைமுறையில் என்ன ஆகிறது? அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வருகிறது. ஊருக்குச் சேதி எட்டும்போது கெடு முடியப் பத்து நாள்தான் இருக்கும். அவசர அவசரமாக "எங்கள் விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு மனு எழுதி நூறு பேர் கையெழுத்துப் போடுவார்கள். அந்த மனுவை வைத்துக்கொண்டு வரைபடக்காரர் ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் சர்வே எண், எந்த வாய்க்கால், இப்போது என்ன பயன்பாடு, எதற்காக மாற்றக் கூடாது – இவை எதுவும் அதில் இருக்காது. ஆகவே நீங்கள் நினைக்கும் இருபது ஆண்டுத் திட்டத்தைப் போடுவதற்கான காலம் அந்த இரண்டு மாதத்துக்கு முன்னால் இருக்கிறது. அதாவது, இப்போது.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். மைக் வைத்து, "இருபது வருடம் கழித்து நம்ம ஊர் எப்படி இருக்கணும்?" என்று கேட்டுத் தொடங்காதீர்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் "காலேஜ் வரணும், ஆஸ்பத்திரி வரணும்" என்பார்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு நடந்து தொடங்குங்கள். கிராம வரைபடம், 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றும் வேண்டும். 'அ' பதிவேடும் புலப்படமும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும், வி.ஏ.ஓ.விடமும் கேட்கலாம்.

பிறகு, அந்தக் காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ச்சிய பெரியவர் யாராவது இருந்தால் அவரை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போங்கள். மதகு எத்தனை, எது அடைபட்டது, கலங்கல் எங்கே, அதில் வழிகிற தண்ணீர் எந்த ஊர் ஏரிக்குப் போகிறது என்று அவர் காட்டுவார். வரத்துக்கால் வந்ததும் படத்தை விரித்துப் பாருங்கள். காகிதத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று தனிச் சர்வே எண்ணோடு நீளமாக ஒரு பட்டை ஓடும். தரையில் அதே இடத்தில் மனைப்பிரிவின் முப்பதடிச் சாலையோ, ஒரு காம்பவுண்டுச் சுவரோ, அதன் அடியில் ஓரடிக் குழாயோ இருக்கக்கூடும். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை அந்த இடத்திலேயே கிடைத்துவிடும். கூடவே வந்த பத்துப் பேருக்கும் அன்றைக்குத்தான் 'திட்டம்' என்றால் என்னவென்று புரியும். மேய்க்கால், தோப்புப் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை, களம் எல்லாவற்றையும் இப்படியே நடந்து குறியுங்கள்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும். உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் ஊராட்சிக்கு இதுவரை அப்படி வந்த இடங்களின் பட்டியலைக் கேளுங்கள். ஊருக்குச் சொந்தமான இடம் எதுவென்று ஊருக்கே தெரியாமல் இருப்பது இங்கே சாதாரணம். பால்வாடிக்கு இடமில்லை என்று கிராம சபையில் புலம்பிக்கொண்டிருப்போம். பத்திரம் அலுவலக பீரோவில் இருக்கும்.

கிராம சபை மேடை ஏறுகிறவர் உத்திரமேரூர் குடவோலையைச் சொல்லாமல் இறங்குவதில்லை. உங்கள் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சான்றை யாரும் எடுப்பதில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் செங்கல்பட்டுச் சீமையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்குகள் ஓலையிலேயே இருந்தன. வீடு எத்தனை, ஏரி எத்தனை, விளைச்சலில் ஏரிப் பராமரிப்புக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, கணக்கனுக்கு எவ்வளவு என்று பங்கு எழுதியிருந்தது. ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்தார். அந்த ஓலைக் கணக்கில் சாதி ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே இருந்தது, ஆகவே அதை அப்படியே கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் ஊர்ச் சொத்தின் கணக்கு ஊரிடம் இருந்தது.

இனி தீர்மானத்தின் மதிப்பு. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி கிராமத் திட்டத்துக்கும் வரவுசெலவுக்கும் ஒப்புதல் தருவது கிராம சபை. முழுமைத் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அப்படி இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சர்வே எண் வாரியாக, படத்தோடு சேர்ந்த தீர்மானம் ஓர் ஊரின் எழுத்துபூர்வமான ஆட்சேபணையாகக் கோப்பில் உட்காரும். விசாரணையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். நாளைக்கு நீதிமன்றம் போனாலும் அதுதான் முதல் ஆதாரம்.

கிராம சபையில் விளக்கும் சாக்கடையும் மட்டுமே பேசப்படுவதற்கு மக்களைக் குறை சொல்ல மாட்டேன். 2018 முதல் ஆண்டுதோறும் மக்கள் திட்டமிடல் இயக்கம் என்ற பெயரில் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் போடச் சொல்கிறார்கள். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டு வந்தது. பணம் எதற்கு வருகிறதோ அதையே கேட்கப் பழகிவிட்டோம். மோட்டார், தொட்டி, கால்வாய் என்று பட்டியல் நிரம்பியதும் 'திட்டம்' முடிந்துவிடுகிறது. நிலம் எப்படி மாறும் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை.

கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு விட்டார்கள். கிராம சபையில் சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசினார்கள். அடுத்து ஊர் வளர்ச்சி அறிக்கை, அதன் மேல் கருத்தரங்கு. அங்கே கிராம சபை வார்டுக்கு ஒன்று. நமக்கு முழு ஊராட்சிக்கும் ஒன்றுதான். பல குக்கிராமங்கள் உள்ள ஊராட்சியில் சபை நடக்கும் ஊர்க்காரர்கள் பேசுவார்கள், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். எனவே சபைக்கு முன்பே குக்கிராமத்துக்கு ஒரு கூட்டம் போடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் குத்தம்பாக்கத்தில், 1996-ல் தலைவரான இளங்கோ ரங்கசாமி ஊர் மக்களோடு ஐந்தாண்டுத் திட்டம் போட்டு வேலை செய்தார். அங்கே கட்டிய சமத்துவபுரத்தில் தலித் குடும்பமும் மற்றச் சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள். வெளியிலிருந்து வந்த ஆலோசகர் இப்படி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தால் ஊர் ஏற்றிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு கூட்டத்தாரை விட்டுவிடாதீர்கள். ஒரு கூட்டத்தார் ஊர் ஓரத்தில் பட்டா இல்லாமல் இருக்கும் இருளர்கள். ஏரி உள்வாயும் காட்டோரமும் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. நீர்நிலை ஆக்கிரமிப்பை எடுங்கள் என்று நீங்கள் போடும் தீர்மானம் முதலில் அவர்கள் குடிசையைத்தான் தொடும் என்பதையும் மனதில் வையுங்கள். மாற்று இடத்தின் சர்வே எண்ணையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். இன்னொரு கூட்டத்தார் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களை எதிரியாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அவர்கள் நாளைய வாக்காளர்கள். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் நிற்கப்போவது அவர்கள் வீட்டு வாசலில். கூப்பிட்டுப் படத்தைக் காட்டினால் உங்களைவிட உரக்கப் பேசுவார்கள்.

கேள்வி: நாங்கள் கடலோரக் குப்பம். எங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. எல்லாம் அங்கேயே முடிவாகும். தனியாகத் திட்டம், கூட்டம் எல்லாம் எங்களுக்கும் வேண்டுமா?
– மீனவ வாசகர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதி

பதில்: உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தின் முடிவு குப்பத்துக்குள் செல்லும். அரசு வரைபடத்தில் ஏறாது. 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் சர்வே அளவிலான படத்தில் காட்டச் சொன்னது. பெருகும் குடும்பங்களின் வீட்டுத் தேவைக்கு நெடுங்காலத் திட்டம் போடவும் சொன்னது. அந்தத் திட்டத்துக்கு வேண்டிய விவரம் உங்களிடம்தான் இருக்கிறது. படகு ஏற்றி நிறுத்தும் மணல், வலை பிரித்து உலர்த்தும் இடம், கருவாட்டுக் களம், ஏலம் போடும் இடம், பெரியவலை இழுக்க வேண்டிய கரையின் நீளம் – பட்டா இல்லாததால் வெளியாள் கண்ணுக்கு இவை எல்லாம் வெறும் மணல். காலியிடம் என்று படத்தில் குறித்துவிட்டால் அங்கே ரிசார்ட்டோ, குழாய்ப் பாதையோ வருவதைப் பிறகு மறிப்பது கடினம்.

உங்கள் கரையைப் பாருங்கள். நெம்மேலியில் 2013-ல் ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, 2024-ல் இரண்டாவது. பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் ஆலைக்கு வேலை. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கோவளம் அருகே புதிய நீர்த்தேக்கம். சென்னைக்குத் தண்ணீர் வேண்டும், மறுக்கவில்லை. ஒவ்வொன்று வரும்போதும் தனித்தனியாகச் சாலையில் உட்காருவதைவிட, கரை முழுக்க உள்ள குப்பங்கள் சேர்ந்து ஒரே படமாகக் கையில் வைத்திருப்பது பலம்.

உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள்தானே உட்காருகிறீர்கள்? கூடை தூக்கி மீன் விற்கும் பெண்கள் விடியலில் கிளம்பி மதியம்தான் திரும்புகிறார்கள். பதினோரு மணிக் கூட்டத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். களமும் ஏல இடமும் எங்கே வேண்டும் என்று அவர்களிடம் மாலையில் போய்க் கேளுங்கள். நீங்கள் குறித்த இடத்திலிருந்து நாலு இடத்தை மாற்றுவார்கள்.

கேள்வி: எங்கள் கிராம சபையில் ஆள் சேராவிட்டால் நூறு நாள் வேலைக்காரர்களை உட்கார வைத்துக் கணக்குக் காட்டுகிறார்கள். இந்தச் சபையின் தீர்மானம் செல்லுமா?
– வாசகி, மதுராந்தகம்

பதில்: அவர்களும் வாக்காளர்கள்தான், அம்மா, உட்கார்ந்தால் கணக்குத்தான். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆளை மட்டும் எண்ணாமல் அவர்களைப் பேசவைப்பது உங்கள் வேலை. ஏரி வெட்டியவர்கள், வாய்க்கால் தூர்வாரியவர்கள் அவர்களே. நான் மேலே சொன்ன ஏரிக்கரை நடையில் அவர்களை முன்னால் விடுங்கள்.

நோட்டீஸ் ஏழு நாள் முன்பே வர வேண்டும். பொருள் நிரலில் "நிலப் பயன்பாடு, நீர்வழிகள்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அதற்கும் முன்னதாகவே ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து, கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தவிர மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டு சேர்ந்திருக்கின்றன. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரிப் படத்தை வைக்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தீர்மானம் முடிந்ததும், பதிவேட்டில் உங்கள் சர்வே எண்கள் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.